இங்கிலாந்துக் கிராமங்களில் நம்ம ஊராட்சி மாதிரி ஏதாவது உண்டா? நம்மவர்கள் அதில் பங்கெடுக்க முடியுமா?

உண்டு. அதற்குப் பெயர் பேரிஷ் கவுன்சில். நம்மவர்கள் அதற்கு ஓட்டுப் போடலாம், சிலர் தேர்தலிலும் நிற்கலாம்.

கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஏழு வருடமாகக் குடியிருக்கிறேன். முதல் மூன்று வருடம் இது எதுவும் எனக்குத் தெரியாது. 'பேரிஷ்' என்ற சொல்லைக் கேட்டு, சர்ச் சம்பந்தப்பட்ட ஏதோ கமிட்டி என்று நினைத்திருந்தேன். விஷயம் புரிந்தது அம்மா வந்து ஆறு மாதம் தங்கியபோதுதான்.

அம்மாவுக்கு மூட்டுவலி. ஆனாலும் சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாப் வரை நடந்துவிட்டு வரவேண்டும். அந்த வழியில் உட்கார ஓர் இடம் கிடையாது. தினமும் பாதி தூரத்தில் ஒரு வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் திரும்புவார். ஒரு பெஞ்சு போடச் சொல்லி யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை வில்லேஜ் ஹாலுக்கு வாருங்கள், பேரிஷ் கூட்டம் இருக்கிறது" என்றார்.

போனேன். ஏழெட்டு உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், பொதுமக்கள் நாற்காலியில் நான்கு பேர். கூட்டம் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் பேச நேரம் ஒதுக்கினார்கள். எழுந்து அம்மாவைப் பற்றிச் சொன்னேன். யாரும் என் பாஸ்போர்ட்டைப் பற்றியோ என் உச்சரிப்பைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "எந்த இடம், வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்றுதான் கேட்டார்கள். கவுன்சிலின் செயலரான கிளார்க் அதைக் குறித்துக்கொண்டார். இந்த நாட்டில் நானும் ஓர் ஊர்க்காரன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

எங்கள் மாவட்டம் சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர். நடுவில் கேம்பிரிட்ஜ் நகரம் தனி மாவட்டமாக இருக்க, அதைச் சுற்றி வளையம் போல எங்கள் கிராமங்கள், சுமார் நூறு இருக்கும். 1974இல் இரண்டு கிராமப்புற மாவட்டங்களை ஒன்றாக்கி இதை உருவாக்கினார்கள். நகரம் என்று சொல்ல வெகுகாலம் இங்கே எதுவும் இல்லை. 1998இல் வயல்வெளியில் கட்டத் தொடங்கிய கேம்போர்ன் வளர்ந்து, 2019இல்தான் டவுன் கவுன்சில் ஆனது. நம்மவர்கள் கணிசமாக இருக்கும் ஊர் அது. 2004 முதல் மாவட்டத் தலைமை அலுவலகமும் அங்கேதான்.

இங்கே நிர்வாகம் மூன்று அடுக்கு: பல மாவட்டங்கள் சேர்ந்த கவுண்டி, அதன் கீழ் மாவட்டம், அதாவது டிஸ்ட்ரிக்ட், அதன் கீழ் ஊர் அளவில் பேரிஷ். கருப்புக் குப்பைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் எடுப்பது, வீடு கட்ட அனுமதி தருவது, கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டுவரியை வசூலிப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். சாலை, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி கவுன்சில். விளையாட்டுத் திடல், ஊர்க்காரர்கள் காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள், சில ஊர்களில் தெருவிளக்கு, கல்லறைத் தோட்டம் ஆகியவை பேரிஷ். குழப்பமாக இருந்தால் எங்கள் பெஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் இருக்கை போடும் அதிகாரத்தைப் பேரிஷுக்குக் கொடுப்பது 1957ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்தப் புல்லோரம் சாலையின் பகுதி என்பதால் கவுண்டியின் சம்மதம் வேண்டும். காசு பேரிஷின் காசு; அந்தக் காசை நம்மிடம் வசூலித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிக்ட். ஒரு மரப்பெஞ்சுக்கு மூன்று அடுக்கும் கை கொடுக்கவேண்டும்.

காசு வரும் வழியையும் சொல்கிறேன். வருகிற ஆண்டுக்கு எவ்வளவு தேவை என்று பேரிஷ் கவுன்சில் குளிர்காலத்தில் கணக்குப் போட்டு டிஸ்ட்ரிக்டுக்குச் சொல்லும். அதற்குப் பிரீசெப்ட் என்று பெயர். கவுன்சில் டாக்ஸ் ரசீதில் கவுண்டி, டிஸ்ட்ரிக்ட், போலீஸ், தீயணைப்பு என்று வரிசையாக இருக்குமே, அதில் பேரிஷுக்கும் ஒரு பங்கு உண்டு. பெரும்பாலும் சின்னத் தொகைதான். உங்கள் வீடு எந்த வரிப் பிரிவு என்பதை இன்றும் 1991 ஏப்ரல் 1 அன்று அதற்கு என்ன விலை இருந்திருக்கும் என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். போன வருடம் கட்டிய வீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

பேரிஷ் கவுன்சில்கள் வந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதுவரை ஊர்க்காரியங்கள் சர்ச்சின் 'வெஸ்ட்ரி' கூட்டத்தில், பாதிரியாரும் பண்ணையாரும் சொன்னபடி நடந்தன. அதைச் சர்ச்சிடமிருந்து பிரித்து, கூலி வேலைக்காரனும் ஓட்டுப் போட்டு உறுப்பினராகலாம் என்று ஆக்கினார்கள். திருமணமான பெண்களும் இதில் ஓட்டுப் போடவும் நிற்கவும் அந்தச் சட்டம் வழி செய்தது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1918இல். அதற்கு 24 வருடம் முன்பே கிராமத்தில் வந்துவிட்டது! இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் ஊர் அறிவிப்புப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மரியாதை வருகிறது.

நம்ம ஊராட்சித் தலைவரோடு ஒப்பிட்டால் இங்கே தலைவருக்கு அதிகாரம் மிகக் குறைவு. மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொரு மே மாதமும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் யாருக்கும் சம்பளம் கிடையாது, கிளார்க்குக்கு மட்டும் உண்டு. கிராமசபைக்குச் சமமானது 'ஆனுவல் பேரிஷ் மீட்டிங்'. மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் நடத்தியே ஆகவேண்டும். ஊர் வாக்காளர் எல்லோரும் வரலாம், பேசலாம்.

குறையையும் சொல்லவேண்டும். ஊருக்கு வெளியே நூறு வீடு கட்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்தால், பேரிஷால் கருத்து மட்டுமே சொல்லமுடியும். முடிவு டிஸ்ட்ரிக்ட் கையில். எனக்கு இது வருத்தம். 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டம் ஒரு வழி திறந்தது: ஊரே சேர்ந்து 'நெய்பர்ஹுட் பிளான்' எழுதி, வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு பெற்றால், வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களை அதை வைத்தும் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் அதை எழுதி முடிக்கப் பல வருட உழைப்பு வேண்டும்.

கவுண்டியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1920களில் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டியின் கல்விச் செயலராக இருந்தவர் ஹென்றி மாரிஸ். கிராமத்துப் பிள்ளைகள் படிப்புக்காக ஊரைவிட்டே போய்விடுகிறார்கள் என்று கவலைப்பட்டு, 'வில்லேஜ் காலேஜ்' என்ற திட்டம் போட்டார். பகலில் அது பள்ளிக்கூடம், இரவில் அதே கட்டடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு, நூலகம், நாடகம். முதலாவது 1930இல் சாஸ்டனில் திறந்தது. 1939இல் இம்பிங்டனில் திறந்ததை வடிவமைத்தவர்களில் ஒருவர் வால்டர் குரோப்பியஸ், ஜெர்மனியின் பவுஹவுஸ் பள்ளியைத் தொடங்கிய அதே மனிதர். ஒரு கிராமத்துப் பள்ளிக்கு உலகின் தலைசிறந்த கட்டடக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிராமம்தானே என்று நினைக்காத ஓர் அதிகாரி இருந்தால் என்னவெல்லாம் நடக்கும்! என் மகள் இப்போது ஒரு வில்லேஜ் காலேஜில்தான் படிக்கிறாள்.

இந்த அடுக்குகளில் மேல் இரண்டும் மாறப்போகின்றன. கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் இரண்டுக்கும் பதிலாக ஒரே கவுன்சில் என்று அரசு 2024 டிசம்பரில் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. நார்த் யார்க்ஷயரில் 2023லேயே ஏழு டிஸ்ட்ரிக்டுகள் மறைந்து ஒன்றாகிவிட்டன. மேலே இருப்பது பெரிதாகித் தள்ளிப்போகப் போக, நடந்தே போய்ப் பேசக்கூடியது பேரிஷ் மட்டும்தான் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்தக் குடியுரிமையோடு சட்டப்படி இங்கே வசித்தால், வேலை விசாவில் இருந்தாலும் ஓட்டு உண்டு. பெயரைப் பதிவு செய்தால் போதும். 2023 மே முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள். நம்ம நாட்டுப் பாஸ்போர்ட்டையே காட்டலாம். தேர்தலில் நிற்க நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, அதாவது ஐஎல்ஆர், வேண்டும். 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். அல்லது ஒரு வருடமாக ஊரிலோ மூன்று மைல் சுற்றளவிலோ குடியிருந்தாலும் போதும். இடம் காலியாகும்போது பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்டு எழுதாவிட்டால், கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். அதற்குக் கோ-ஆப்ஷன் என்று பெயர்.

பெஞ்சு அடுத்த வருடம் வந்தது. அம்மா அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். "வெயில் படுகிற பக்கமா போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். போட்டிருக்கிறார்கள்.

எங்களுக்குப் போன வருடம் ஐஎல்ஆர் கிடைத்தது. இந்த மாதம் பலகையில் ஒரு காலியிட அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கிளார்க்குக்கு என் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை.