பார்படோஸ்: 5 வயசுப் பையனோட எந்தக் கடற்கரை?

பிரிட்ஜ்டவுன்ல தங்குறோம், ஒரே நாள்தான், பையனோட பாத்ஷீபா போகலாமான்னு கேட்டிருந்தீங்க. பாக்கப் போங்க, குளிக்க வேண்டாம். அது அட்லாண்டிக் பக்கம். நீரோட்டம் பெரியவங்களையே இழுத்துட்டுப் போயிடும். நீர் வத்துற நேரத்துல பாறைக் குழிகள்ல உக்காரலாம், அவ்வளவுதான்.

குளிக்க கார்லைல் பே. ஊரிலிருந்தே நடந்துடலாம், அலை குறைவு. கடற்கரை எல்லாமே பொது. நாற்காலி, குடைக்குத்தான் காசு.

கரையோர மரத்துல சிவப்பு வளையம் அடிச்சிருந்தா அது மஞ்சனீல். மழைக்குக்கூட அடியில ஒதுங்காதீங்க, இலையில இருந்து சொட்டுற தண்ணி தோலைக் கொப்பளிக்க வெச்சிடும். காய் குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரி இருக்கும், விஷம். பையன் கடிச்சிடாம பாத்துக்கோங்க. எல்லா மரத்துலயும் வளையம் இருக்காது.

அப்புறம், ராணுவப் புள்ளி டிசைன் டிரவுசர் வேண்டாம். அங்க சட்டப்படி தடை, குழந்தைக்கும்தான்.