கட்டம் தப்பு, பலன் மட்டும் பலித்ததா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பி 1979இல் தோட்ட ஆஸ்பத்திரியில் காலை 6.10க்குப் பிறந்தான். கைப்பேசியில் ஜாதகம் கணித்துப் பார்த்தால், வீட்டிலுள்ள பழைய ஜாதகத்தில் இருக்கும் லக்கினம் வரவில்லை. ஆனால் பழைய கட்டத்தை வைத்துச் சொன்னதெல்லாம் இத்தனை வருடமாகப் பலித்தது. எதை நம்புவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் கடிகாரத்தைச் சரிபார்த்துவிடுவோம். தீபகற்ப மலேசியாவில் 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். கிரீன்விச் நேரத்துடன் 8 மணி கூட்டும் கணக்கு அன்றிலிருந்துதான் வந்தது. அதற்கு முன் 7.30 மணி. ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம், அதாவது 9 மணி. உங்கள் தம்பிக்கு 7.30 என்று போட வேண்டும். சில செயலிகள் பழைய நேரத்தை அறிந்து தாமே மாற்றிக்கொள்ளும், சில மாற்றாது. கையால் கணித்தவர்களும் இதில் தவறியிருக்கலாம். எனவே இரண்டு கட்டத்திலும் எந்த நேர வித்தியாசம் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அரை மணிப் பிழை என்ன செய்யும்? லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் புள்ளி, ஒரு ராசியைக் கடக்கச் சுமார் 2 மணி நேரம் ஆகும். ஆகவே நாலில் ஒருவருக்கு லக்கினமே மாறிவிடும். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச லக்கினம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒருமுறை நகர்வதால் அது எல்லோருக்கும் தப்பாகிவிடும். சந்திரன் அரை மணியில் கால் பாகைதான் நகரும் என்பதால் ராசியும் நட்சத்திரமும் அநேகமாகத் தப்பித்துவிடும். ஆனால் தசா இருப்பு, அதாவது பிறக்கும்போது நடக்கும் தசையில் மீதமுள்ள காலம், தப்பிக்காது. சுக்கிர தசையில் பிறந்தவருக்கு அதன்பின் வரும் தசைகளெல்லாம் சுமார் 5 மாதம் முன்பின்னாகும். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, "பெரட்டுக்குக் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) கொஞ்சம் முன்னால" என்று மட்டும் சொல்லிவைத்த நேரமாக இருந்தால் பிழை இன்னும் பெரிது.

இப்போது உங்கள் கேள்வியின் உயிருக்கு வருவோம். லக்கினம் மாறினால், அதிலிருந்து எண்ணும் பன்னிரண்டு பாவமும் (வீடுகளும்) இடம் மாறும். வேலை இருந்த இடத்தில் லாபம் நிற்கும், மனைவி இருந்த இடத்தில் ஆயுள் நிற்கும். பழைய கட்டம் தப்பாக இருந்தும் 'பலித்தது' என்றால், பலித்தது கட்டம் அல்ல. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு 'உங்கள் குணநலன் இது' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எத்தனை பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.3க்கு அருகில் வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம். அதில் பெரும்பகுதி கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. "வெளியே தைரியசாலி, உள்ளே கவலைப்படுகிறவர்", "உழைப்புக்கேற்ற பலன் தாமதமாகிறது" என்று கேட்கும்போது அதற்கு ஏற்ற சம்பவத்தைத் தேடித் தருவது நம் நினைவுதான்.

கேள்வி: என் மகன் பொறியியல் படித்தவன். ஜோதிடத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அவனே பேசுவான். வீடு வாங்கும்போது மட்டும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போகிறான். படித்தும் ஏன் இப்படி?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: படிப்பு அவர் கையில் கொடுக்காத ஒன்றை ஜோதிடர் கொடுக்கிறார். முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறவருக்கு வேலை நிலைக்குமா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஜோதிடர் முக்கால் மணி நேரம் உட்காரவைத்துக் காது கொடுத்துக் கேட்கிறார். ஒரு தேதியும் சொல்லி அனுப்புகிறார். மனம் தெளிகிறது. அந்தத் தெளிவு உண்மையானது. அதைப் பரிகசிக்க வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பது, நடந்த காலத்தில் வேலையும் வீடும் எங்கோ இருந்த முதலாளியின் கையெழுத்தில் தொங்கின. அப்போது ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது அறியாமை அல்ல, தவிப்பு. அதே தவிப்புக்கு 1960இல் வேறொரு வழியும் பிறந்தது. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து, அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கும்படி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

இன்னொரு காரணம், கணக்கு விரித்துவைத்திருக்கும் வலை. ஏழரைச் சனி எந்த நாளிலும் மூன்று ராசிக்கு உண்டு. அதாவது நாலில் ஒருவருக்கு. அதனுடன் அஷ்டமம் (8ஆம் இடத்துச் சனி), அர்த்தாஷ்டமம் (4ஆம் இடம்), கண்டகம் (7ஆம் இடம்) மூன்றையும் சேர்த்தால் ஆறு ராசி, பாதிப் பேர். யாருக்குக் கால் முறிந்தாலும் இரண்டில் ஒருவருக்குச் சனி பதில் தயாராக இருக்கிறது. அதுவும் எந்தப் பஞ்சாங்கம்? சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி (இன்றைய வானியல் கணக்கு) 2023 ஜனவரி 17, வாக்கியப்படி (பழைய வாய்பாட்டுக் கணக்கு) 2023 டிசம்பர் 20. நடுவிலிருந்த 11 மாதம் தனுசு ராசிக்காரருக்கு ஒரு கணக்கில் ஏழரை முடிந்துவிட்டது, மறு கணக்கில் முடியவில்லை. நல்லது நடந்தால் முந்தியதும் கெட்டது நடந்தால் பிந்தியதும் பொருந்திவிடும்.

மகனிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். வார ராசிபலனைப் படிக்காமல் வெட்டி, ராசிப் பெயரை நீக்கி, வேறொருவர் கையால் கலைத்து, பின்பக்கம் எண் எழுதி வைக்க வேண்டும். கலைக்காவிட்டால் மேஷம் முதலில் இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். வாரம் முடிந்தபின் 12 துண்டில் தன் வாரத்துக்கு மிகப் பொருந்தும் ஒன்றை எடுக்கட்டும். 12 வாரம் தொடர்ந்தால், குருட்டாம்போக்கிலேயே சராசரியாக ஒருமுறை சரியாக வரும். நாலைந்து முறை வந்தால் எங்களுக்கு எழுதுங்கள், பிரசுரிக்கிறோம். ராசிபலன் பொதுவானது, முழு ஜாதகம் வேறு என்பார் ஜோதிடர். அதையும் சோதித்திருக்கிறார்கள். வானியலாளர் ஜயந்த் நார்லிக்கர் குழு மகாராஷ்டிராவில் கெட்டிக்கார மாணவர்கள் 100 பேர், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் 100 பேர் ஜாதகங்களைச் சேர்த்து, ஒரு ஜோதிடருக்கு 40 வீதம் பிரித்துச் சொல்லக் கொடுத்தது. பதில் தந்த 27 ஜோதிடர்களின் சராசரி 46 விழுக்காடு. காசு சுண்டிச் சொன்னால் 50.

கேள்வி: மகளுக்குச் செவ்வாய் தோஷம் என்று மூன்று வரன்கள் தட்டிப்போய்விட்டன. பரிகாரம் செய்யலாமா?
– தாயார் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, மகளிடம் எந்தக் குறையும் இல்லை. லக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12இல் செவ்வாய் நின்றால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து இடம், அதாவது நூற்றுக்கு 42 பேர். சந்திரன், சுக்கிரன் நின்ற இடங்களிலிருந்தும் எண்ணினால் ஏதாவது ஒரு வழியில் பத்தில் எட்டுப் பேர் சிக்கிவிடுவார்கள். அதனால்தான் நூல்களில் விதிவிலக்கு அத்தனை நீளம். வரன் வீட்டார் கேட்டால், எதிலிருந்து எண்ணினார்கள், விதிவிலக்குப் பார்த்தார்களா என்று திருப்பிக் கேளுங்கள். மாப்பிள்ளையின் ஜாதகத்தையும் அதே மூன்று வழியில் எண்ணச் சொல்லுங்கள். பரிகாரத்துக்குக் கடன் வாங்காதீர்கள். கோயிலுக்கு மனம் விரும்பிப் போவது வேறு, பயந்து பணம் கட்டுவது வேறு. அந்தப் பணத்தில் மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் தலசீமியா உள்ளிட்ட இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு உதவும்.

கேள்வி: திங்கள் ராகு காலம் 7.30 – 9 நம் நாட்டுக்கும் பொருந்துமா?
– கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: அது காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. இங்கே உதயம் சுமார் 7.10. பகலை எட்டாகப் பிரித்தால் திங்களுக்கு இரண்டாம் பங்கு, 8.40 முதல் 10.10 வரை. இந்தியாவில் அச்சான பஞ்சாங்கமாக இருந்தால் திதி, நட்சத்திர முடிவு நேரங்களுடன் 2.30 மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்பது அடிக்கட்டும் என்று காத்திருந்து 9.15க்குக் கடை திறந்தவர்கள், கணக்குப்படி ராகு காலத்தின் நடுவில்தான் இத்தனை நாள் திறந்து வியாபாரம் செய்திருக்கிறார்கள்.