ராமா: ஒரு பெயரா, பல பெயர்களா?

கேள்வி: தமிழ் வேதாகமத்தில் ராமா என்ற ஊர் பலமுறை வருகிறது, ஆதியாகமத்தில் ஒரு மனிதனுக்கும் அதே பெயர் இருக்கிறது. அமெரிக்காவில் என் பேரனுடன் படிக்கும் யூதச் சிறுவன் விடுமுறைக்குச் செல்லும் முகாமும் ராமாதானாம். இவையெல்லாம் இராமபிரானின் பெயரிலிருந்து வந்தவையா?
– ஒரு வாசகி, அலங்காநல்லூர்

பதில்: இல்லை, அம்மா. இராமன் என்னும் வடசொல்லுக்கு மகிழ்விப்பவன் என்று பொருள் கூறுவது மரபு. எபிரேய மொழியின் ராமாவுக்கோ உயரமான இடம், மேடு என்பதே பொருள். அதைச் சொல்லும்போது அழுத்தமும் இறுதியிலுள்ள ‘மா’வில்தான் விழும். தங்கள் ஊரை அடுத்து ஒரு மேட்டுப்பட்டியும் திண்டுக்கல்லில் இன்னொரு மேட்டுப்பட்டியும் இருப்பதைப் போல, மலைப்பாங்கான அந்த நாட்டிலும் மேட்டில் அமைந்த ஊர்கள் பல இப்பெயரைப் பெற்றன. பென்யமீன், ஆசேர், நப்தலி ஆகிய மூன்று இஸ்ரவேல் கோத்திரங்களின் ஊர்ப்பட்டியல்களிலும் ராமா உண்டு. சாமுவேல் தீர்க்கதரிசியின் பெற்றோரான அன்னாளும் எல்க்கானாவும் வாழ்ந்த ஊரும், சாமுவேல் அடக்கம் செய்யப்பட்ட ஊரும் ராமாவே.

இவற்றுள் மனத்தை விட்டு அகலாதது பென்யமீனின் ராமா. எருசலேமுக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இன்றைய அர்-ராம் என்னும் ஊரே அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பாபிலோனியர் எருசலேமை அழித்துச் சிறைபிடித்த மக்களை விலங்கிட்டுக் கொண்டுசென்றபோது, எரேமியா தீர்க்கதரிசி விடுவிக்கப்பட்டது இந்த ராமாவில்தான் என்று அவருடைய நூலின் 40ஆம் அதிகாரம் கூறுகிறது. அதை அறிந்தபின், பென்யமீனைப் பெற்ற தாயான ராகேல் ராமாவிலே தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள் என்ற 31ஆம் அதிகாரத்து வசனத்தைப் படித்துப் பாருங்கள். நாடு கடத்தப்படும் பிள்ளைகளை எண்ணி அழும் ஒரு தாயின் குரல் காதில் விழும். பெத்லகேமில் குழந்தைகள் கொல்லப்பட்டதைச் சொல்லுமிடத்தில் மத்தேயு எடுத்தாள்வதும் இவ்வசனத்தையே.

ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தில் வரும் கூஷின் மகனுடைய பெயர் வேறு. எபிரேயத்தில் அதன் நடுவே தொண்டையில் பிறக்கும் ‘அயின்’ என்ற எழுத்து உண்டு. அதைக் குறிக்கத் தமிழில் எழுத்தில்லாமையால் இரு பெயர்களும் நமக்கு ஒன்றாகத் தோன்றுகின்றன.

வேதாகம ஊர்ப்பெயர்கள் கடல் கடந்ததில் வியப்பில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் நமக்கும் ஒரு நாசரேத் இருக்கிறது. கனடாவின் லாப்ரடார் கடற்கரையில் மொரேவிய சபை என்னும் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபையார் 1871இல் நிறுவி 1908இல் மூடிய ஊழியத்தலத்துக்கும் ராமா என்றே பெயர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, கொலராடோ மாநிலங்களிலும் ராமாக்கள் உள்ளன.

தங்கள் பேரனின் நண்பன் செல்வது, யூத சமயத்தில் பழமைக்கும் சீர்திருத்தத்துக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் பிரிவைச் சார்ந்த ராமா முகாம்களுள் ஒன்றாக இருக்கலாம். அவற்றுள் முதலாவது 1947இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. நீச்சலும் விளையாட்டும் ஒருபுறமிருக்க, எபிரேய மொழியையும் ஓய்வுநாள் ஆசரிப்பையும் பிள்ளைகள் அங்கே வாழ்ந்தே கற்றுக்கொள்கிறார்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக 1970இல் ‘திக்வா’, அதாவது நம்பிக்கை, என்னும் திட்டத்தையும் இம்முகாம்களை நடத்துவோர் தொடங்கினார்கள். அத்தகைய பிள்ளைகளைப் பிற முகாம்கள் பெரிதும் எண்ணிப் பாராத காலத்தில் எடுக்கப்பட்ட முயற்சி என்பதால், அதை நான் மிகவும் மதிக்கிறேன்.