விலை கூடிய சேவிங் கிறீமும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (கோண்டாவில்): நோர்வேயிலிருந்து வந்த மச்சான் இங்கிலாந்துத் தயாரிப்பான சேவிங் கிறீம் ஒன்று தந்துவிட்டுப் போனார். 150 கிராம் கிண்ணம், நல்ல விலையாம். ஒஸ்லோவில் நுரை கட்டித்தயிர் மாதிரி நிற்கும் என்கிறார். எனக்கோ ஒரு கன்னம் முடிய முன்னமே நுரை வற்றிவிடுகிறது. என் பழைய ரியூப் கிறீமே திறம். இது போலிச் சாமானா? முடிந்தால் இன்னொன்று வாங்கலாமா, காசுக்குக் கேடா?

பதில்: போலி என்று முடிவுகட்ட முதல் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். ஒஸ்லோக் குழாயில் வருவது ஏரித் தண்ணீர், கல்சியம் குறைந்த மென்னீர். உங்களுடையது சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வரும், கல்சியம் கூடிய வன்னீர்.

பிறஷ் போட்டு நுரைக்கும் கிறீம் எந்த விலையில் வந்தாலும் அடிப்படையில் இளகிய சவர்க்காரம்தான். ஸ்ரியரிக் அமிலம், தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்கள், பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, கிளிசரின், வாசனை. தேங்காய்ப் பகுதி சட்டென்று பெரிய குமிழி தரும், ஆனால் நிற்காது. நுரையை அடர்த்தியாக நிறுத்தி வைப்பது ஸ்ரியரிக் பகுதி. தண்ணீரில் உள்ள கல்சியம் முதலில் பிடிப்பதும் அதைத்தான். இரண்டும் சேர்ந்து கரையாத வெள்ளை ஊத்தையாகிவிடும். குளிக்கிற வாளியின் உட்பக்கத்தில் ஒட்டியிருப்பதும் இதுதான். கல்சியத்துக்குப் போக மிஞ்சுகிற சவர்க்காரம்தான் நுரையாகும்.

பழைய ரியூப் ஏன் தாக்குப்பிடிக்கிறது? பின்பக்கத்தைப் படியுங்கள். ‘டெட்ராசோடியம் ஈடிடிஏ’ அல்லது ‘எடிட்ரோனிக் அசிட்’ என்று இருந்தால் அது கல்சியத்தில் ஒரு பங்கைக் கட்டிப்போடும். ‘சோடியம் லோரில் சல்பேட்’ இருந்தால் அது வன்னீரிலும் நுரைக்கும். வறண்ட தோல்காரருக்கு மட்டும் கொஞ்சம் இழுக்கும். சேர்மானப் பட்டியல் அளவில் கூடியதிலிருந்து குறைந்ததற்கு எழுதப்படுவது. ஆகவே ஸ்ரியரிக் அமிலம் தண்ணீரை அடுத்து நிற்கிறதா என்று பார்ப்பது, பெட்டியின் பொன்னெழுத்தைப் பார்ப்பதைவிடப் பிரயோசனம்.

ஒரு சேவுக்குக் கால் லீற்றர் தண்ணீர் தாராளம். குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீரில் அவ்வளவை எடுத்து, பிறஷையும் அதிலேயே ஊறவிட்டு, அதே கிறீமை அடித்துப் பாருங்கள். மாரியில் பிடித்த மழைத்தண்ணீரும் நல்லது, முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறி அடியில் வெண்படிவு இறங்கியபின் மேலால் வடியுங்கள். இளஞ்சூடாக்குவது போதாது, கல்சியம் இறங்காது. தீவகப் பக்கத்துச் சவர்த்தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை. உப்பு அப்படியே இருக்கும், அதுவும் சவர்க்காரத்தைத் திரைய வைக்கும். தேசிக்காய்ப் புளி விடச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். புளி கொஞ்சம் கூடினாலே அமிலம் சவர்க்காரத்தை உடைத்துவிடும், பிறகு நுரைக்க ஒன்றும் இராது.

இனி விலை. ஒரு தடவைக்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. கிண்ணம் 6,000 ரூபாய் என்று வைத்தால் 150 சேவுக்கு வரும், தடவைக்கு 40 ரூபாய். 70 கிராம் ரியூப் 500 ரூபாய் என்றால் தடவைக்கு ஏழு ரூபாய் சொச்சம். உங்கள் கடை விலையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வாசனைக்கும் கிண்ணத்துக்கும் கப்பல் கூலிக்கும் போகிறது. வழுக்கலிலும் சிறு முன்னேற்றம் உண்டு, ஆனால் மென்னீரில்தான் அது தெரியும். சந்தன வாசமோ லவெண்டரோ காலையில் வேண்டுமென்றால் வாங்குங்கள், அதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. சேவ் நன்றாக வரவேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் முதலில் தண்ணீரை மாற்றுங்கள், அடுத்தது பிளேட், கிறீம் கடைசி. நடுவழி தேடுபவருக்கு இத்தாலியின் புறொறாசோ பச்சை ரியூப் இருக்கிறது. அதில் மெந்தோலும் யூக்கலிப்டசும் உண்டு, குளிரும். குளிர்வதால் தோல் ஆறுகிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி (சாவகச்சேரி): நுரை சரியாக வந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? எனக்குச் சிலநாள் பிளேட் வழுக்கும், சிலநாள் பிய்க்கும்.

பதில்: பிய்க்கிற நாளில் தண்ணீர் குறைவு. அநேகர் விடும் பிழை இதுதான்: நுரை வெள்ளையாகப் பொங்கியதும் நிறுத்திவிடுவார்கள். பிறஷை இரண்டு நிமிடம் ஊறவிட்டுப் பிழியுங்கள். கிறீமைக் கிண்ணத்தில் வைத்து அரை நிமிடம் சுற்றியபின் கால் தேக்கரண்டி தண்ணீர் விட்டு, மேலும் இருபது விநாடி சுற்றுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை. மங்கலாக, பஞ்சுபோட்ட மாதிரி நிமிர்ந்து நின்றால் இன்னும் தண்ணீர் கேட்கிறது. மேற்பரப்பு மினுங்கி, பிறஷைத் தூக்கும்போது நுனி வளைந்து, கண்ணுக்குக் குமிழி தெரியாவிட்டால் போதும். குமிழி தெரிந்து வழிந்தால் கூடிவிட்டது, ஒரு பொட்டுக் கிறீம் சேர்த்து மறுபடி சுற்றுங்கள். இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பது நல்ல சோதனை. நுரை நசிந்த பிறகும் விரல் வழுக்க வேண்டும்.

முதலில் முகத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரால் இரண்டு மூன்று நிமிடம் நனைக்கத் தவறாதீர்கள். ஊறிய மயிரை வெட்ட மிகக் குறைந்த விசை போதும். குளித்து முடித்த கையோடு சேவ் எடுத்தால் இந்த வேலை மிச்சம்.

கேள்வி (நல்லூர்): மச்சம் புழங்காத வீடு. இவற்றில் மிருகக் கொழுப்பு உண்டா?

பதில்: சிலவற்றில் உண்டு. ‘சோடியம் டாலோவேட்’, ‘பொட்டாசியம் டாலோவேட்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. கிறீமைவிடக் கட்டியாக வரும் சேவிங் சோப்பில் இது அதிகம். ஸ்ரியரிக் அமிலமும் கிளிசரினும் தாவரத்திலிருந்தும் வரும், மிருகத்திலிருந்தும் வரும். பெயரை வைத்துச் சொல்ல முடியாது, ‘வீகன்’ என்று போட்டிருந்தால்தான் நிச்சயம். பிறஷையும் கவனியுங்கள். ‘போர்’ என்பது பன்றி மயிர், ‘பட்ஜர்’ என்பதும் மிருக மயிரே. ‘சிந்தெற்றிக்’ வாங்கினால் பிரச்சினை இல்லை; கெதியாகக் காயும், வன்னீர்ப் படிவும் கழுவக் கழுவப் போய்விடும்.

கேள்வி (மானிப்பாய்): கழுத்தில் சேவ் எடுத்த மறுநாள் சின்னச் சின்னப் பருக்கள். விலை கூடிய கிறீமுக்கு மாறினால் நிற்குமா?

பதில்: சந்தேகம்தான். சுருண்ட மயிர் வெட்டப்பட்டபின் வளைந்து தோலுக்குள்ளேயே குத்துவதால் வருவது அது. மயிர் வளரும் திசைக்கு எதிராக றேசரை இழுக்காதீர்கள். தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள், ஒரே இடத்தில் நாலு தரம் ஓட்டாதீர்கள். பல பிளேட் றேசரை விட்டு ஒற்றைப் பிளேட்டுக்கு மாறி, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுங்கள். வாசனை கூடிய கிறீம் எரிச்சலைக் கூட்டவும் செய்யும், ஆகவே வாசனை சேர்க்காததாகத் தேடுங்கள். சீழ் கட்டினால் தோல் வைத்தியரைப் பாருங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): கிண்ணக் கிறீமின் மேலே எண்ணெய் மிதக்கிறது. பழுதாகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் வெயில் சூட்டில் பிரிந்ததுதான். உலர்ந்த கரண்டியால் கலக்கி, யன்னலோரத்தை விட்டு நிழலில் வையுங்கள். காறல் மணமோ பூஞ்சணமோ வந்திருந்தால் எறியுங்கள். ஈரவிரல் விட்டுக் கிள்ளுவதால்தான் பூஞ்சணம் வரும்.