பதிவு ஆறு பேருக்கு, போவது பத்துப் பேர்: காட்டேஜ்காரர் தடுக்கலாமா?

கேள்வி: மே மாதம் கொடைக்கானலில் மூன்று இரவுக்கு, இரண்டு அறையும் ஹாலும் உள்ள காட்டேஜை ஆன்லைனில் பதிவு செய்து 21,000 ரூபாயையும் கட்டிவிட்டோம். நாங்கள் நால்வர், மாமனார், மாமியார் என ஆறு பேருக்குப் பதிவு. இப்போது அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் இருவரும் வருகிறோம் என்கிறார்கள். ஹாலில் பாய் விரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். காட்டேஜ்காரரோ, "ஆறுக்கு மேல் ஒரு ஆள் வந்தாலும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவேன், பணமும் திரும்ப வராது" என்கிறார். காசு கொடுத்த பிறகு யார் எங்கே படுத்தால் அவருக்கு என்ன?
- வாசகி, மதுரை

பதில்: நீங்கள் காசு கொடுத்தது ஆறு பேர் தங்குவதற்கு. ஏழாவது ஆளைத் தடுக்க அவருக்கு உரிமை உண்டு. கட்டில் கேட்கவில்லையே என்ற வாதமும் நிற்காது. பாயில் படுப்பவரும் காலையில் குளிக்கத்தானே போகிறார்? சீசனில் லாரித் தண்ணீரை நம்பும் இடங்கள் மலையில் நிறைய. ஆறு பேருக்கான கீசரும் செப்டிக் டேங்கும் பத்துப் பேரைத் தாங்காது. இரவில் தீப்பிடித்தால், வாசலை மறித்து நான்கு பேர் தரையில் படுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். தங்கும் எல்லாருடைய விவரமும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதால், நான்கு பேரை ஓசைப்படாமல் உள்ளே அழைத்துப்போவதும் அவரைத்தான் சிக்கலில் மாட்டும். (நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஒரே அறையில் இருபது பேர் படுத்தவர்கள்தாம் நாம். அந்தப் பழக்கம் இங்கே உதவாது.)

ஆனால் 'பணமும் வராது' என்பதை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு பேர்தான் என்ற வரம்பும், மீறினால் பணம் போகும் என்ற நிபந்தனையும் நீங்கள் பணம் கட்டும் முன்பே பதிவுப் பக்கத்தில் இருந்தனவா? இல்லையென்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. இருந்தாலும்கூட, நட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதன் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. சொல்லாமல் பத்துப் பேராகப் போய் இறங்கிவிட்டு இதையெல்லாம் பேசினால் மட்டும் எடுபடாது.

இன்றைக்கே காட்டேஜ்காரருக்கு வாட்ஸ்அப்பில் மூன்று விஷயம் கேளுங்கள்: கூடுதல் ஆளுக்கு இடம் உண்டா, ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு, எத்தனை வயதுவரை பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். ஐந்து என்பார் ஒருவர், பன்னிரண்டு என்பார் இன்னொருவர். போனில் சொன்ன சம்மதம் சீசன் கூட்டத்தில் மறந்துபோகும், அதனால் எழுத்தில் வாங்குங்கள். அவர் முடியாது என்றால் பக்கத்திலேயே அண்ணனுக்குத் தனி அறை பாருங்கள். பகலில் வந்து சேர்ந்து சாப்பிட்டுப் போவதற்கும் அனுமதி கேட்டுவிடுங்கள். பார்க்க வருபவர்களையும் சேர்க்காத இடங்கள் உண்டு.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அதுதான் இருக்கிறது. காட்டேஜ்காரர் மேல் பழியைப் போட வேண்டாம். "அண்ணே, ஆறு பேருக்குத்தான் போட்டிருக்கோம். உங்களுக்குப் பக்கத்துலயே ரூம் பாத்திருக்கேன், வாடகை இவ்வளவு" என்று தொகையோடு சொல்லிவிடுங்கள். மதினியிடமும் நீங்களே பேசிவிடுவது நல்லது.

அவர்கள் தனிக் காரில் வந்தால் அந்த வண்டிக்கும் தனியாக இ-பாஸ் (மலைக்கு வண்டி போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அண்ணனை முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள், அறை முன்பணம் அப்புறம்.