நடுத்தர றைபிள் என்றார்கள், உதை மட்டும் ஏன் இவ்வளவு கடுமை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் முறைப்படி அனுமதி எடுத்து, மான் வேட்டைக்கென்று .308 என்ற தோட்டா போடும் றைபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். சுடும்போது துவக்கு பின்னால் அடிக்கும் உதை இதில் நடுத்தரம்தான், புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பொருத்தம் என்று கடையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுடுதிடலில் மேசையோடு சாய்ந்திருந்து சுட்டதில் தோள் கண்டிப்போய்விட்டது. புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு வெட்டும் விழுந்திருக்கிறது. றைபிள், தொலைநோக்கியோடு சேர்த்து இரண்டரைக் கிலோ. பிழை றைபிளிலா, தன்னிலா என்று கேட்கிறார்.

தம்பி, பிழை இரண்டிலும் இல்லை. தோட்டாவின் பெயரைக் கேட்டு உதையைக் கணித்ததுதான் பிழை, அதுவும் உங்களுக்குச் சொல்லித் தந்தவர்களின் பிழை. துவக்கின் எடையும், அது உங்கள் உடம்பில் எப்படிப் பொருந்துகிறது என்பதும் தெரியாமல் யாராலும் உதையைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியாது.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். உந்தக் காப்பு விதி வரும்போது பிள்ளைகளைக் குருநகர் இறங்குதுறையை நினைக்கச் சொல்வேன். சின்ன வள்ளத்தில் இருந்து கரைக்குத் தாவினால் வள்ளம் பின்னால் ஓடிவிடும். அதே பாய்ச்சலைப் பெரிய வள்ளத்தில் இருந்து பாய்ந்தால் அது அசைந்ததே தெரியாது. சன்னம் முன்னால் போகும்போது துவக்குக்கு நடப்பதும் இதுதான். இனி கணக்கைப் பார்ப்போம்.

உங்கள் .308இல் சாதாரணமாகப் போடும் சன்னம் ஒன்று 9.7 கிராம், குழலை விட்டு வெளியேறும் வேகம் செக்கனுக்கு 860 மீற்றர் அளவு. அதற்குப் பின்னால் 3 கிராம் வெடிமருந்து. மூன்று கிராம்தானே என்று இதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் மருந்து எரிந்து வாயுவாகிச் செக்கனுக்கு 1400 மீற்றரை ஒட்டிய வேகத்தில் பீறிட்டு வருகிறது. உங்கள் தோளுக்கு வரும் மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவால்தான் வருகிறது. இரண்டையும் கூட்டி 3.6 கிலோ றைபிளுக்குப் பிரயோகித்தால், அது செக்கனுக்கு மூன்றரை மீற்றர் வேகத்தில் பின்னால் வரும், இயக்கசக்தி 22 யூல் அளவு. அதே தோட்டாவை உங்கள் இரண்டரைக் கிலோ றைபிளில் போட்டால் வேகம் ஐந்து மீற்றர், சக்தி 31 யூல். கழித்தது ஒரு கிலோவும் கொஞ்சமும், கூடியது ஏறக்குறைய அரைப்பங்கு உதை.

.308 வந்தது 1952இல். அது மெல்லியது என்ற பெயரை அந்தக் காலத்து எட்டு இறாத்தல், ஒன்பது இறாத்தல் மரப்பிடி றைபிள்களில் சுட்டவர்கள் கொடுத்தார்கள். இன்றைக்கு மலையேறிப் போகிறவர்களுக்கென்று கார்பன் நாரும் மெல்லிய குழலும் போட்டு எடையைக் குறைத்து விற்கிறார்கள். எடை போய்விட்டது, பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாள் முழுவதும் மலையில் சுமந்து திரிகிற, பழகிய வேட்டைக்காரருக்கு அந்த எடைக்குறைப்புப் பெரிய நன்மை. முதல் துவக்கு வாங்குகிறவருக்கு அதை எடுத்து நீட்டியதுதான் எனக்குக் கோபம் தருகிறது.

இங்கே யாழ்ப்பாணத்தில் வேட்டை றைபிளைப் பொதுமக்கள் கையில் பார்ப்பதே அரிது. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். விவசாயிகளுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கென்று கிடைத்தவை பெரும்பாலும் 12 போர் சொட்கன்கள்தான். வன்னியில் எங்களுக்கு வயல் இருந்த காலத்தில் அப்பாவிடமும் ஒன்று இருந்தது. ஒற்றைக்குழல், நடுவில் மடித்துத் தோட்டா போடுவது, மூன்று கிலோகூட இல்லை. தோளில் படும் பின்தகடு கடினப் பிளாஸ்டிக். பன்றிக்கு வெடி வைக்கப் போகும்போது அப்பா பழைய சாறத் துண்டு ஒன்றை நாலாக மடித்துச் சேட்டுக்குள்ளே தோளில் வைத்துக்கொள்வார். வைக்காமல் சுட்ட மாமாவுக்குப் பெருவிரல் மொளி வந்து மேலுதட்டில் அடித்து இரத்தம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பிடியின் கழுத்துக்கு மேலால் பெருவிரலைச் சுற்றிப் பிடிப்பவர்களுக்கு இது நடக்கும். நடுவிரல் மொளியிலும் விசைக்காப்பு வளையம் வந்து இடிக்கும்.

அந்தச் சொட்கனுக்குக் கணக்குப் போட்டால் 32 கிராம் சன்னச்சிதறலுக்கே 45 யூல் வருகிறது. உங்கள் றைபிளைவிட அதிகம், .308ஐ விடப் பெரிய தோட்டாவான .30-06 போடும் கனமான றைபிளைவிடவும் மிக அதிகம். ஆனாலும் அதைப் பொடியன்கள் சுடும் துவக்கு என்றுதான் ஊரில் நினைத்தார்கள். 'மலிவானது, சின்னது, ஒற்றைக்குழல், ஆகவே மெல்லியது' என்ற எண்ணம் எத்தனையோ பிள்ளைகளின் தோளைக் கெடுத்திருக்கிறது.

சரி, எடை ஒரு பக்கம். அடுத்தது, அந்த உந்தம் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பரப்பில் உங்களுக்குள் இறங்குகிறது என்பது. கணத்தாக்கு, அதாவது மொத்தத் தள்ளல், அதேதான். மெத்தென்ற றப்பர் அதைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும், உச்ச விசை குறையும். இரும்புத் தகடு நீட்டாது. இதற்கு நல்ல உதாரணம், இரண்டாம் உலகப்போரின் கடைசியில் 1944இல் பிரித்தானியர் கொண்டுவந்த ஐந்தாம் இலக்க லீ-என்பீல்ட், 'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் பெற்றது. எங்கள் ஆட்கள் 'த்ரீ நொட் த்ரீ' என்று சொல்லும் அதே .303 தோட்டாதான். நாலு கிலோ அளவில் இருந்த றைபிளைக் காட்டுச் சண்டைக்காக 3.2 கிலோவுக்குக் குறைத்தார்கள், குழலையும் வெட்டினார்கள். உதை கூடும் என்று தெரிந்து பின்னால் றப்பரும் வைத்தார்கள். ஆனால் அந்த றப்பர் சோங்கின் (தோளில் வைக்கும் பின்பிடியின்) முழு அகலத்துக்கும் இல்லாமல் ஒடுங்கியது, பரப்பு குறைந்து அடி ஒரே இடத்தில் குத்தியது. காலம் போகப் போக றப்பரும் இறுகிக் கல்லாகிவிடும். இன்றைக்கு அதைச் சேகரித்துச் சுடுகிறவர்கள் முதலில் முறைப்பாடு சொல்வது அந்தப் பின்பகுதியைப் பற்றித்தான். உதையைக் குறைக்க வைத்ததே உதையைக் கூட்டிய கதை.

சோங்கின் சரிவையும் பாருங்கள். குழலின் கோட்டுக்கு நேராகச் சோங்கு இருந்தால் உதை நேரே தோளுக்கு வரும். பழைய பாணியில் கீழ்நோக்கி வளைந்திருந்தால் குழல் மேலே எகிறும், சோங்கின் மேல்விளிம்பு கன்னத்து எலும்பில் அறையும். யூல் கணக்கில் இரண்டு றைபிளும் ஒன்றாக வந்தாலும், ஒன்று தள்ளும், மற்றது அடிக்கும்.

உங்கள் புருவத்து வெட்டுக்கு இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. வேட்டைத் தொலைநோக்கிக்கும் கண்ணுக்கும் இடையில் 9 சென்ரிமீற்றர் அளவாவது இடைவெளி வேண்டும். மேசையில் முன்னால் சாயும்போது தலை தானாகவே முன்னுக்குப் போய்விடும், அந்த இடைவெளி பாதியாகிவிடும். மற்றது, நின்று சுடும்போது இடுப்பும் முதுகும் பின்னால் வளைந்து உதையை வாங்கிக்கொள்கின்றன, மேசையில் உடம்புக்குப் போக இடமில்லை. தோள் மட்டும் தனியே நின்று வாங்குகிறது. ஆகவே அதே றைபிளை அடுத்த முறை நின்றோ முழங்காலில் இருந்தோ சுட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மேசையில்தான் குறி பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றால் சோங்குக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சின்ன மணற்பையை வையுங்கள். துவக்கின் எடையும் கூடும், பரப்பும் கூடும்.

தோள் நோவைவிட எனக்குக் கவலை அதற்குப் பிறகு வருவதைப் பற்றித்தான். ஒரு தடவை அடி வாங்கிய உடம்பு அடுத்த வெடிக்கு முன்பே சுருங்கும். கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், விசையை இழுக்காமல் வெடுக்கென்று பறிக்கும். இதை மனவுறுதியால் அடக்க ஏலாது, உடம்பு நம்மைக் கேட்டு நடப்பதில்லை. கடதாசி இலக்கில் அது ஒரு சாண் விலகல். மானில் அது வயிறு, அல்லது பின்னங்கால். அடிபட்ட மிருகம் பற்றைக்குள் இழுபட்டுக் கிடந்து இரண்டு நாள் கழித்துச் சாவதை விடக் கேவலமான வேட்டை கிடையாது. புதுப் பழக்கக்காரனுக்குக் கடும் துவக்கைக் கொடுத்து 'ஆம்பிளை என்றால் சுடு' என்று சிரிக்கிறவர்களை ஊரிலும் கண்டிருக்கிறேன், வெளிநாட்டுக் காணொளிகளிலும் காண்கிறேன். மிருகத்துக்கும் மனிதனுக்கும் சேர்த்துச் செய்கிற தீங்கு அது.

உங்களுக்கு அந்தப் பழக்கம் தொற்றிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நண்பர் ஒருவரைக் கொண்டு, உங்களுக்குத் தெரியாமல் சில தடவை வெடிமருந்தே இல்லாத, பயிற்சிக்கான வெற்றுத் தோட்டாவையும் சில தடவை உண்மையான தோட்டாவையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டாவில் குழல் முனை கீழே குத்தினால் தொற்றிவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் கொஞ்ச நாளைக்குச் சின்னத் தோட்டாவான .22இல் மட்டும் சுடுங்கள்.

பெரும் உதைக்குப் பயப்படுவது வெட்கப்பட வேண்டிய விடயமே இல்லை. நுவரெலியாவில் குடியிருந்து இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் இங்கே கொண்டுவந்த றைபிள் 21 இறாத்தல், மூன்று அவுன்ஸ் குண்டு. யானைத் துவக்கையே தோளில் வைத்துச் சுட்ட அந்த மனிதர், பிறகு அபிசீனிய (இன்றைய எதியோப்பிய) எல்லையில் அரை இறாத்தல் குண்டு சுடும் ஒரு துவக்கைப் பாவித்தார். 'பேபி' என்று பெயர், கூடப் போன அரபுக்காரர் பீரங்கியின் பிள்ளை என்றார்கள். சுடும்போது அது அவரையே சுழற்றிவிடும், அதற்கு அவர் பயந்தார், அதை வெளிப்படையாக எழுதியும் வைத்தார். மறுபக்கம், இந்தியாவின் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டது .275 ரிக்பி என்ற மென்மையான றைபிளால். நோர்வேயிலும் சுவீடனிலும் 6.5×55 தோட்டாவால் நூறு வருடத்துக்கு மேலாகப் பெரிய எல்க் மான்களையே வீழ்த்துகிறார்கள், அது உங்கள் .308ஐ விடவும் குறைவாக உதைக்கும்.

றைபிளை விற்கத் தேவையில்லை. முதலில் நல்ல மெத்தென்ற பின்றப்பர் ஒன்று போடுங்கள். சோங்கு உள்ளே குழிவாக இருந்தால் அதற்குள் அரைக்கிலோ ஈயம் வைக்கலாம். உதை குறைந்த தோட்டாக்களைச் சில கொம்பனிகள் செய்கின்றன, பயிற்சிக்கு அவற்றை வாங்குங்கள். குழல் வாயில் பூட்டும் மசில் பிரேக் அந்த மூன்றில் ஒரு பங்கு வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையை நன்றாகவே குறைக்கும், ஆனால் சத்தத்தை உங்கள் பக்கமும் பக்கத்தில் நிற்பவர் பக்கமும் அனுப்பும். பிரேக் இல்லாமலே இந்தச் சத்தம் காதைக் கெடுக்கப் போதும். காதுச் செருகியும் காது மூடியும் இரண்டும் போடுங்கள், உதை என்று நாம் உணர்வதில் ஒரு பங்கு அந்தச் சத்தத்தின் அதிர்ச்சி என்பதை அப்போது விளங்கிக்கொள்வீர்கள்.

றப்பர் போட்டபிறகு விசையிலிருந்து சோங்கின் முனை வரை நீளத்தை மறுபடி அளக்க வேண்டும், ஒரு அங்குலம்கூடக் கூடியிருக்கும். நீளம் கூடினால் சோங்கு தோள் குழியில் இருக்காமல் புயத்துக்கு நழுவும், அங்கே பட்டால் நோவு இரட்டிப்பு. உங்களுக்கு வேட்டைக் காலம் குளிரில் வருவதால், தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டே அளந்து, கூடுதலாக இருந்தால் மரவேலை தெரிந்த துவக்குத் திருத்துநரிடம் கொடுத்துச் சோங்கைச் சீவச் சொல்லுங்கள். அதன் பிறகு தொலைநோக்கியின் இடைவெளியையும் புதிதாகச் சரிபார்த்துப் பூட்டுங்கள்.