மூன்று வாரப் பாடம் பாக்கி, படிப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் முதுகலை படிக்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடியோ பாடங்களைப் பார்க்கிறேன், மறுநாள் ஒன்றுமே நினைவில் இல்லை. மூன்று வாரப் பாடம் பாக்கி. விவாதப் பகுதியில் எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள், எழுதக் கூச்சமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இதற்கும் உங்கள் வயதுக்கும் சம்பந்தமில்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்த பிறகு ஒரு மணி நேர வீடியோவை ஓடவிட்டால் எந்த வயதுக்காரருக்கும் நினைவில் நிற்காது. பத்து நிமிடம் பாருங்கள், நிறுத்துங்கள், குறிப்பைப் பார்க்காமல் என்ன புரிந்தது என்று நாலு வரி எழுதுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். காலையில் அரை மணி கிடைத்தால் அதற்கே ஒதுக்குங்கள்.

பாக்கியை முதல் பாடத்திலிருந்து தீர்க்கப் பார்க்காதீர்கள், அப்படித்தான் பலர் மூழ்கிப்போகிறார்கள். இந்த வாரப் பாடத்தில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள், பழையதில் அடுத்த கட்டுரைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

அப்புறம் அந்தக் கூச்சம். எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் யாரோடும் பேசாமல் தனியாகப் படிப்பவர்கள்தான் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர், இதில் தூரம் என்பது வெறும் இடத் தூரம் அல்ல, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் குறையக் குறைய அது கூடுகிறது என்றார். நீங்கள் பெரிதாக எழுத வேண்டியதில்லை. ‘பாடத்தில் இப்படிச் சொல்கிறார்கள், என் வேலையில் வேறு மாதிரி நடக்கிறது, ஏன்?’ என்று இரண்டு வரி போதும். வேலைக்கே போகாத மாணவரால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது, வகுப்புக்கு அது வேண்டும்.

இன்னொன்று, இன்றைக்கே ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எவ்வளவு பாக்கி, எந்தக் கட்டுரைக்கு எத்தனை நாள் கூடுதலாக வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். கெடு முடிவதற்கு முன்னால் கேட்பவருக்குத்தான் அவகாசம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பருவத்தில் ஒரு தாளைத் தள்ளிவைக்க முடியுமா என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.